இதே பெயரில் இன்னொருவர்

என் கடைக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் எதிரே போட்டிருக்கிற நாற்காலியில் உட்காருவதில்லை. என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்கிறார்கள். எந்தத் தாளை ஸ்கேன் செய்கிறேன், அதை எங்கே ஏற்றுகிறேன் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறார்கள். பச்சை டிக் விழுந்ததும் அதைத் தங்கள் போனில் ஒரு போட்டோ வேறு எடுத்துக்கொள்கிறார்கள். வெண்ணந்தூரில் பதினான்கு வருடமாகப் பிரவுசிங் சென்டர் நடத்தும் தண்டாயுதபாணிக்கு ஊர் கொடுக்கிற மரியாதை இது. இந்த மரியாதையை எனக்கு வாங்கிக் கொடுத்தவன் ஜீவானந்தம். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நான் பாட்டுக்கு வேலையைப் பார்த்திருப்பேன். இப்படி உட்கார்ந்து அவனைப் பற்றி எழுத வேண்டியிருக்காது.

ஜீவாவும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே பெஞ்சு. அவன் அப்பா விசைத்தறியில் கூலிக்கு நெய்தவர். ஊரில் அவருக்கு நெட்டையன் என்று பெயர். எனக்கு முறையில் மாமா. நாங்கள் பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் தறியில் ஊடை நூலோடு ஓடிக்கொண்டிருந்த நாடாக்கட்டை தெறித்து வந்து அவருடைய இடது கண்ணில் அடித்தது. கண் போய்விட்டது. ஒரு மாதம் கழித்து ஒற்றைக் கண்ணோடு அதே தறிக்குத் திரும்பிப் போனார். போகாமல் என்ன செய்வார்? குடியிருந்த வீடும் தறிக்காரருடையதுதான். தறிப் பட்டறைக்குப் பின்னால் தகரம் போட்ட இரண்டு அறை. தறி நின்றால்தான் அந்த வீட்டில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கும். சொந்தமாக ஒரு வீடு, அதுவும் தறிச் சத்தம் கேட்காத இடத்தில். மாமாவுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே ஆசை அதுதான். அதைத் தவிர அவர் எதையும் வாய்விட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஜீவா கம்ப்யூட்டர் படித்துப் பெங்களூருக்குப் போனான். கொரோனாவில் ஊருக்குத் திரும்பியவன், சேலத்தில் பதினாறு பேர் வேலை செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தான். இணையத்தில் விண்ணப்பம் போடும்போது, சான்றிதழ்களை இணைப்பதற்கு ஒரு பெட்டி வரும் இல்லையா? அந்தப் பெட்டியை வடிவமைப்பதுதான் அவன் வேலை. வேறொன்றும் இல்லை, வெறும் பெட்டி. "இதுக்குப் போயி ஒரு ஆளாடா?" என்று நான் கிண்டல் செய்வேன். அவனுக்குக் கோபம் வந்துவிடும். "பேரு ஊரெல்லாம் யாரு வேணா தட்டலாம்டா. பேப்பரப் போடற எடத்துலதான் சனங்க சிக்கிக்கறாங்க" என்பான். அது உண்மை. என் கடையில் தினமும் நான் பார்க்கிற உண்மை.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஓர் அறக்கட்டளை, பெயர் வேண்டாம், சொந்த வீடு இல்லாத தறித் தொழிலாளர்களுக்கு நாற்பத்தெட்டு வீடு கட்டிக் கொடுப்பதாக அறிவித்தது. வெண்ணந்தூருக்கு வெளியே, தறிச் சத்தம் எட்டாத இடத்தில். தறியில் கை, கண் இழந்தவர்களுக்கு முதல் இடம். மாமாவுக்கு என்றே செய்தது போன்ற விதி. விண்ணப்பம் இணையத்தில்தான். அந்த விண்ணப்பத்தைச் செய்து தரும் வேலை ஜீவாவின் கம்பெனிக்குப் போயிற்று. பெட்டி ஜீவாவுக்கு.

அவன் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு என் கடையில் வந்து உட்கார்ந்தான். சனங்கள் எப்படித் தடுமாறுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். பார்த்தான். ரேஷன் கார்டை போட்டோ எடுத்தால் பாதி கார்டும் பாதி கட்டைவிரலும் இருக்கும். படம் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும், பார்க்கிறவர் கழுத்தைச் சாய்த்துக்கொள்வார். எல்லாவற்றையும் நிரப்பி முடித்த பிறகுதான் 'படம் பெரிதாக உள்ளது' என்று சொல்லும், அத்தனையும் அழிந்துபோகும். கார்டுக்கு இரண்டு பக்கம் இருக்கும், பெட்டி ஒரு பக்கத்தைத்தான் வாங்கும். பாதியில் கரண்ட் போகும். சின்னாயி என்று ஓர் அம்மாள், முதியோர் பென்ஷனுக்கு வந்தவர், எல்லாம் முடிந்து எழுந்தபோது, "போட்டது போய்ச் சேந்துச்சுங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த விண்ணப்பம் அதைச் சொல்லவே இல்லை. ஜீவா தன் நோட்டில் அதை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டான்.

அப்புறம் அவன் செய்த பெட்டியைக் குறை சொல்ல என் வாய் கூசும். எவ்வளவு பெரிய படத்தைப் போட்டாலும் தானே சுருக்கிக்கொள்ளும். படுத்திருந்தால் நிமிர்த்தும். இரண்டு பக்கத்தையும் வாங்கி ஒன்றாக அடுக்கும். கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். எல்லாம் தமிழில். கடைசியில் பெரிய பச்சை டிக், பக்கத்தில் 'உங்கள் தாள் வந்து சேர்ந்தது'. என் கடையில் நாற்பது பேருக்கு மேல் அந்தப் பெட்டியில் ஏற்றியிருக்கிறேன், ஒருவர்கூடச் சிக்கவில்லை. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்பார்கள். அந்தத் துளி உள்ளே இருந்தது, பச்சை டிக்குக்கு அந்தப் பக்கம்.

வந்து சேரும் தாள்களுக்கு அவன் முதலில் நீளமான எண்களைத்தான் அடையாளமாக வைத்தான். அறக்கட்டளை மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. "எண்ணப் பாத்து ஆளக் கண்டுபிடிக்கறதா? கமிட்டியில பெரியவங்க உக்காந்து பாப்பாங்க, பேரு தெரியற மாதிரி வையுங்க சார்" என்று சொல்லிவிட்டார். ஜீவா யோசித்தான். பெயர், இனிஷியல், பிறந்த தேதி, மூன்றையும் சேர்த்து ஆளுக்கு ஓர் உறை மாதிரி வைத்தான். அவரவர் தாள் அவரவர் உறையில் விழும். அதே ஆள் நல்ல படமாக எடுத்து மறுபடி அனுப்பினால் பழையது போய்ப் புதியது உட்காரும். கேட்காமல் உட்காரும். சனங்களிடம் கேள்வி மேல் கேள்வி கேட்கக் கூடாது என்பது அவன் கொள்கை. "பேரு, இனிசியலு, பொறந்த நாளு, மூணும் ஒத்துப்போற ரெண்டு பேரு எங்கடா இருக்கப் போறாங்க?" என்று என்னிடமே கேட்டான். நானும் "அதானே" என்றேன். இந்தக் கதையில் என் பங்குப் பாவம் அந்த "அதானே".

எங்கே இருக்கப் போகிறார்களா? அவன் வீட்டிலேயே இருந்தார்கள்.

எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் தலைச்சன் பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். நெட்டையன் மாமாவின் தாத்தா பெயர் கந்தவேல். அவருக்கு இரண்டு மகன்கள், பழனிசாமி, பச்சமுத்து. இரண்டு பேருமே தங்கள் தலைச்சனுக்கு அப்பன் பெயரை வைத்தார்கள். விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனசில்லை. ஆக இரண்டு ப. கந்தவேல். ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பெற்ற பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது? ஒருவன் உயரம், ஒருவன் குள்ளம். நெட்டையன், குட்டையன் என்று கூப்பிட்டார்கள். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. தாத்தா இரண்டு பேரன்களையும் ஒரே நாளில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். தலைக்கு மேலே கையைப் போட்டுக் காதைத் தொடச் சொன்ன வாத்தியார், இருவருக்கும் ஜூன் ஒன்று என்று பிறந்த நாளை எழுதிவிட்டார். அந்த வருடம் சேர்ந்த அத்தனை பேருக்கும் அதே ஜூன் ஒன்றுதான். ஜீவாவுக்கு அப்பா என்றால் நெட்டையன், சித்தப்பா என்றால் குட்டையன். அவன் அம்மா ராசாத்தி அத்தை புருஷன் பெயரையும் சொல்ல மாட்டார், கொழுந்தன் பெயரையும் சொல்ல மாட்டார், இரண்டும் ஒன்றாயிற்றே. கந்தவேல் என்கிற பெயர் அந்த வீட்டில் சத்தமாக ஒலித்ததே இல்லை. தாளில் இருக்கும் பெயரை மட்டுமே பார்க்கிற வெளியூர்க்காரன் ஒருவன் செய்திருந்தால் ஒருவேளை இந்தத் தப்பு நடந்திருக்காது.

விண்ணப்பம் திறந்த முதல் நாளே ஜீவா தன் போனில் அப்பாவுக்குப் போட்டான். போட்டோ, ரேஷன் கார்டு, கண் டாக்டர் சான்றிதழ். பச்சை டிக்கை மாமாவிடம் காட்டினான். மாமா அதை ஊர் முழுக்கச் சொன்னார். "எம்பட பையன் பண்ணுன பொட்டிங்க" என்று என் கடையில் வந்துகூட இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

கடைசி வாரத்தில் குட்டையன் மாமா என் கடைக்கு வந்தார். அவருக்கும் வீடு இல்லை. கண்ணும் கையும் நன்றாக இருந்ததால் பொதுப் பிரிவில்தான் போட முடியும். போட்டோவும் ரேஷன் கார்டும் ஏற்றினேன். பச்சை டிக் விழுந்தது. அந்த நொடியில் நெட்டையன் மாமாவின் போட்டோ போனது, ரேஷன் கார்டு போனது. கண் சான்றிதழ் மட்டும் உறைக்குள் அப்படியே கிடந்தது. என் கடையில் ஓட்டை உடைசலாக ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதுகூட, ஒரு பெயரில் இரண்டாவது தடவை எதையாவது வைக்கப் போனால், 'ஏற்கனவே இருக்கிறது, மாற்றவா?' என்று கேட்கும். அத்தனை அக்கறையாகச் செய்த பெட்டி கேட்கவில்லை.

விண்ணப்பம் இரண்டு, உறை மட்டும் ஒன்று. கமிட்டியில் நெட்டையன் மாமாவின் விண்ணப்பத்தைத் திறந்தார்கள். கண் போனவர் என்று சொல்லியிருக்கிறது, போட்டோவில் இரண்டு கண்ணும் பளிச்சென்று இருக்கின்றன. ரேஷன் கார்டில் வேறு வீடு, வேறு மனைவி. மாமாவின் போனுக்குச் செய்தி வந்தது: 'பொய் ஆவணங்கள். நிராகரிக்கப்பட்டது. மறுபடி விண்ணப்பிக்க இயலாது.' அடுத்த நாள் ஒட்டிய பட்டியலில், முகமும் கார்டும் பொருந்திய குட்டையன் மாமாவுக்குப் பொதுப் பிரிவில் வீடு இருந்தது.

நெட்டையன் மாமா சட்டையை மாட்டிக்கொண்டு சேலத்தில் இருக்கும் அறக்கட்டளை ஆபீசுக்குப் பஸ் ஏறினார். மேலாளருக்கு முன்னால் நின்று, "பாருங்க சாமி, இந்தக் கண்ணுங்க" என்று இமையைத் தூக்கிக் காட்டினாராம். "பட்டியல் முடிஞ்சு போச்சுங்க. போட்டா வேற ஆளு மாதிரி இருக்குது, கோர்ட்டு கேசுன்னு போகாம விட்டதே பெரிசு" என்று அந்தப் போட்டோவைக் காட்டி அனுப்பிவிட்டார்கள், அது குட்டையன் மாமா முகம். திரும்பி வந்தவர் நேராக என் கடைக்கு வந்தார்.

"ஏண்டா தண்டபாணி, அந்தக் குட்டையங்கிட்ட என்னடா வாங்குனே? எம்பட பேப்பர எடுத்துப்போட்டு அவனுத வெச்சிருக்கறே."

"மாமா, நான் எப்பிடி மாமா எடுக்க முடியும்? உங்களுத உங்க பையன்தான போட்டான்?"

"எம்பட பையன் போட்டது செரியாப் போயிருச்சு. பச்சையாக் காட்டுச்சு, நான் பாத்தேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வரிசையில் நின்ற ஏழு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது எனக்குச் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது.

ஜீவாவுக்கு இரண்டே நாளில் விஷயம் பிடிபட்டது. ஆபீசில் அந்த உறையைத் திறந்து பார்த்தானாம். சித்தப்பாவின் முகம், அப்பாவின் கண் சான்றிதழ். கம்பெனி முதலாளி கோகுல்ராஜிடம் ஓடினான். கோகுல்ராஜ் கதவைச் சாத்திவிட்டுப் பொறுமையாகப் பேசினார். "சத்தமில்லாமச் சரி பண்ணிரு. வெளிய தெரிஞ்சா கான்ட்ராக்ட் போயிரும், பதினாறு பேரு தெருவுல நிப்பாங்க. அடுத்த கட்டம் அறுபது ஊடு வருது, உங்கப்பாவுக்கு மொத ஊடு நான் பேசி வாங்கித் தாரேன்." ஜீவா ஆளுக்கு ஓர் உறையாகப் பிரித்துச் சரி செய்தான். சத்தமில்லாமல்தான்.

எட்டு மாதம். எட்டு மாதம் அவன் என் கடையைத் தாண்டிப் போனான், வந்தான், டீ குடித்தான். அவன் அப்பா ஊர் நடுவில் என்னைத் திருடன் என்றபோது பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தான். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று பிற்பாடு சொன்னான். அது பாதி உண்மை. தன் பெட்டியில் தப்பு என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை என்பது மீதி. "எம்பட பையன் பண்ணுன பொட்டி" என்று ஊரெல்லாம் சொன்ன மனிதரிடம் போய், உங்கள் வீட்டைத் தின்றது அந்தப் பெட்டிதான் என்று எப்படிச் சொல்வது? எனக்கு அது புரிகிறது. புரிவதால் கோபம் குறையவில்லை.

நெட்டையன் மாமா குட்டையனோடு பேச்சை நிறுத்தினார். ஒரே நாளில் பள்ளிக்கூடம் போனவர்கள், நாற்பது வருடம் ஒரே டீக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள். "நான் செத்தாலும் அவன் எம்பட பொணத்தத் தொடக் கூடாது" என்று அத்தையிடம் சத்தியம் வாங்கினார். அடுத்த கட்டம் அறுபது வீடு வரவே இல்லை. தை மாதம் ஒரு காலை, தறியை நிறுத்தப் போன மாமா அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை.

எழவு வீட்டில் பங்காளிகள் குடம் எடுத்துத் தண்ணீருக்குப் புறப்படும் நேரம். குட்டையன் மாமா தெருமுனையில் டிரான்ஸ்பார்மருக்குக் கீழே நின்றிருந்தார். தோளில் துண்டு, காலில் செருப்பில்லை. யாரும் கூப்பிடவில்லை, அவரும் வரவில்லை. ஜீவா ஈர வேட்டியோடு தெருவில் இறங்கிப் போனான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"சித்தப்பா, நீங்க ஒண்ணும் பண்ணலீங். தண்டபாணியும் ஒண்ணும் பண்ணல. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு, ஒரே பொறந்த நாளு. எம்பட பொட்டி கலந்துருச்சு. நாந்தான் பண்ணுனேன். எட்டு மாசமா எனக்குத் தெரியும்."

குட்டையன் மாமா அவனையே பார்த்தார். "உங்கப்பனுக்குத் தெரியாமப் போச்சே சாமி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். குடத்தை எடுக்க வரவில்லை. சத்தியம் வாங்கியவர் உள்ளே கிடக்கிறார், அதை மீற அவருக்கு மனம் வரவில்லை.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதிலும் ஒரு கொடுமை பாருங்கள், ஜீவா சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. "படிச்ச பையன் பாருங்க, அப்பனுக்கும் சித்தப்பனுக்கும் இருந்த பகைய முடிச்சு வெக்கப் பழியத் தம் மேல போட்டுக்கறான்" என்று மெச்சினார்கள். எங்களுக்குப் பாடம் எடுத்த கலைமணி வாத்தியார் அவன் முதுகில் தட்டிக்கொடுத்ததை நானே பார்த்தேன். ராசாத்தி அத்தை மட்டும் நம்பினார். பெற்றவளுக்குத் தெரியாதா? அன்றிலிருந்து அவர் மகன் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. எனக்கோ ஒன்றும் மாறவில்லை. பிரவுசிங் சென்டர்காரன் கெட்டிக்காரன், தப்பித்துக்கொண்டான் என்றார்கள், அவ்வளவுதான்.

ஜீவா அறக்கட்டளைக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தான். 'விண்ணப்பதாரர் உயிருடன் இல்லாததால் மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று பதில் வந்தது. கோகுல்ராஜ் அவனை அந்த வாரமே அனுப்பிவிட்டார். இப்போது திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ஒரு ரிக் வண்டிக் கம்பெனியில் உதிரிபாகங்களுக்குப் பட்டியல் எழுதுகிறான். போகும் முன் அந்தப் பெட்டியில் கடைசியாக ஒரு வரி சேர்த்துவிட்டுப் போனதாகச் சொன்னான். என்ன வரி என்று நான் கேட்கவில்லை. அவனோடு அவ்வளவு பேச எனக்கு இஷ்டமில்லை.

போன மாதம் குட்டையன் மாமா கடைக்கு வந்தார். எதிரே இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த ஊரில் இன்னும் அதில் உட்காருகிறவர் அவர் ஒருவர்தான். அவருக்குக் கொடுத்த வீட்டை ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று அறக்கட்டளை விளக்கம் கேட்டிருந்தது, இணையத்தில்தான் போட வேண்டும். கோணல் கையெழுத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். வீட்டைத் தன் அண்ணி ராசாத்திக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருந்தார். அப்படி மாற்ற விதியில் இடமில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

கடிதத்தை ஸ்கேன் செய்தேன். பெயர், இனிஷியல், பிறந்த தேதி அடித்தேன். பெட்டி திறப்பதற்கு முன்னால் மஞ்சளாக ஒரு வரி வந்தது. 'இதே பெயரில், இதே பிறந்த தேதியில் இன்னொருவர் இருக்கிறார். நீங்கள் வேறு நபரா?' கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்.

"என்ன கேக்குது?" என்றார் மாமா.

படித்துக் காட்டினேன். அவர் துண்டின் நுனியை முறுக்கினார்.

"இல்லீன்னு போட்டுரு சாமி. இப்ப அந்தப் பேருக்கு நான் ஒருத்தன்தான இருக்கறேன்."

இல்லை என்று போட்டால் அவர் கடிதம் நெட்டையன் மாமாவின் உறைக்குள் போய் விழும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? நான் 'ஆம்' என்பதை அழுத்தினேன். பச்சை டிக் விழுந்தது.

"போய்ச் சேந்துச்சா?" என்று கேட்டார்.

"சேந்துருச்சுங் மாமா" என்றேன்.